கைத்தட்டலுக்கு ஒத்திகை கிடையாது

போன வாரம் நிவேதா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு அட்டவணை அனுப்பினாள். நான் ஓய்வு பெற்று வந்த பனியன் கம்பெனியில் இப்போது ஹெச்.ஆர். அவள்தான். வருஷா வருஷம் தொழிலாளர்களுக்கு விருது கொடுக்கும் விழாவை இந்த முறை கோயமுத்தூர் ஈவென்ட் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்திருக்கிறார்களாம். "ஒரு தடவ பாத்துட்டு ஏதாச்சும் டிப்ஸ் சொல்லுங்க மேடம்" என்று கீழே எழுதி, கும்பிடும் கை பொம்மை இரண்டு போட்டிருந்தாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். நிமிஷக் கணக்கில் எழுதியிருந்தார்கள். மூன்று நாற்பத்திரண்டுக்குப் புகை. மூன்று நாற்பத்துமூன்றுக்கு விருது பெறுபவர் புகைக்குள்ளிருந்து வருகை. மூன்று நாற்பத்துநான்குக்குக் கைத்தட்டல். எனக்குச் சந்தேகம் வந்து போன் போட்டேன்.

"ஏங்கண்ணு, கைத்தட்டலுக்கு டைம் போட்டிருக்கீங்களே, அது எப்படி?"

"அது ரெக்கார்டட் மேடம். ஸ்பீக்கர்ல வரும். ஆளுங்க தட்டலைன்னாலும் வீடியோவுல நல்லா இருக்கும்."

இருபத்திரண்டு வருஷம் அந்த மேடையில் மைக் பிடித்தவள் நான். மற்றதெல்லாம் எனக்கு வந்திருக்கிறது. கைத்தட்டல் மட்டும் என் சொல்பேச்சு கேட்டதே இல்லை. அதைப் போய் இந்தப் பிள்ளைகள் ஒரு பட்டனுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். "இரு, எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். அவள் கேட்டது டிப்ஸ், வரப்போவது கட்டுரை. அவள் தலைவிதி.

நான் மடத்துக்குளத்துக்காரி. பி.காம். முடித்துவிட்டு டைம் ஆபீஸில் வருகைப் பதிவு எழுதச் சேர்ந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்த லைனில் உட்கார்ந்தார், யார் யாரோடு பேசாமல் இருக்கிறார் என்பதெல்லாம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் தானாகத் தெரிந்துவிடும். சேர்ந்து நாலைந்து வருஷம் ஆன பிறகு ஒரு விழா நாளில், வழக்கமாக மைக் பிடிக்கும் அக்கவுண்ட்ஸ் ஆளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "அந்தப் புள்ளைக்குக் குரல் கணீர்னு இருக்குது, அதையே பேசச் சொல்லு" என்று முதலாளி கையைக் காட்டினார். என்னுடைய பயிற்சிக் காலம் மண்டபத்து வாசலிலிருந்து மேடை வரை நடந்து போன தூரம்தான்.

அந்த முதல் விழாவை நான் நாசமாக்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் பசியோடு இருப்பார்களே என்று இரக்கப்பட்டு பிரியாணியை முதலில் போடச் சொன்னேன். சாப்பிட்டு முடித்த ஜனம் கையைக் கழுவிக்கொண்டு நேராக வேனில் போய் ஏறிவிட்டது. விருது வாங்க வேண்டியவர்களில் மூன்று பேர் உடுமலை வேனில் உட்கார்ந்திருந்தார்கள். கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வேன் வேனாக ஓடினேன்.

அன்றைக்குத்தான் முதலாளியின் கோபத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவிநாசிப் பக்கம் தோட்டத்துக்காரர் குடும்பம்; நான்கு மிஷினில் ஆரம்பித்து வளர்ந்தவர். சாதாரணமாக இருக்கும்போது "வா புள்ள, போ புள்ள" என்பார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். "அம்முணி" என்றால் லேசான எரிச்சல். "ஏனுங்க அம்முணி" என்றால் நாம் ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறோம். அதற்கு மேலே போய், "நீங்க ரொம்ப நல்லாப் பண்ணீட்டீங்களாட்ட இருக்குதுங்க" என்று தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சொன்னால், அன்றைக்கு அவர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. வேன்களுக்கு நடுவே வியர்த்து நின்ற என்னிடம் அவர் அந்த முழு வாக்கியத்தையும் சொன்னார். இரண்டு முறை.

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். விழாவை மார்கழி முதல் ஞாயிற்றுக்கிழமையில் வைப்போம். அப்போது முகூர்த்தம் கிடையாது, அவிநாசி ரோட்டில் நல்ல மண்டபமே கிடைக்கும். மூன்று மணிக்கு ஆரம்பம். முதலில் விருது, பிறகு பேச்சு, கடைசியில் சாப்பாடு. சிறப்பு விருந்தினரின் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே வேறு எதையும் வைக்காவிட்டால் பேச்சு தானாகச் சுருங்கும். பிரியாணி வாசனைக்கு முன்னால் யாரும் நீட்டி முழக்க மாட்டார்கள். விருது வாங்குபவர்களை வரிசையின் ஓரத்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், நடுவில் இருந்தால் பத்துப் பேர் காலை மிதித்துக்கொண்டு வருவதற்குள் மண்டபம் ஆறிப்போகும். ஒடிசா, பீகார் பிள்ளைகளின் பெயரை லிஸ்டைப் பார்த்துப் படிக்கக் கூடாது. முந்தின நாளே அவரவர் மிஷினுக்குப் போய், அவரவர் வாயால் சொல்லச் சொல்லித் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். என் இந்தியைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நம் ஊருக்கு வந்து உழைக்கிற பிள்ளைகள்.

இன்னொரு வழக்கம் முதலாளி ஏற்படுத்தியது. எங்கள் மேடையில் பொன்னாடை கிடையாது. "ஊருக்கெல்லாம் துணி தெச்சு அனுப்பறோம், நம்ம மேடைல வெளிய வாங்குன துண்டப் போத்தறதா? அசிங்கமில்ல?" என்பார். எங்கள் சாம்பிள் செக்‌ஷனில் தைத்த பனியன்தான் விருதோடு கொடுக்கப்படும். டீ-ஷர்ட் என்று சொன்னாலும் சரிதான், எங்கள் ஊரில் எல்லாமே பனியன். விருதுப் பனியனைத் தைக்கிற உரிமை பழனிச்சாமிக்கு மட்டும். கம்பெனியிலேயே கைதேர்ந்த டெய்லர். அவர் தைத்ததில் ஒரு நூல் பிசகியது என்று யார் சொன்னாலும் அவர் ஒத்துக்கொண்டதே இல்லை.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கொழுப்பு ஏறியது. மேடையில் நான் ஒரு வார்த்தை சொன்னால் அறுநூறு பேர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு பழகிவிட்டால் விடாது. ஒரு வருஷம், நிஜ விருதுகளுக்கு நடுவே கேலி விருதுகள் நான்கைந்து வைத்தேன். டீ டைமுக்கு முதல் ஆளாக ஓடுபவருக்கு ஒன்று, செல்போனில் அதிகம் பேசுபவருக்கு ஒன்று. வாங்கியவர்களும் சிரித்தார்கள். கடைசியாக எஸ்தரைக் கூப்பிட்டேன்.

எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். செக்கிங் டேபிளில் வேலை. தைத்து வரும் உருப்படியைப் புரட்டிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தைத்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு ஆல்ட்ரேஷன் என்று பெயர். மற்ற செக்கிங் பெண்கள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். எஸ்தரின் கண் முகத்துக்குப் போகாது, தையலிலேயே நிற்கும். ஸ்டிக்கர் தாளை ஐ.டி. கார்டின் பின்பக்கம் சொருகி வைத்திருப்பாள்; கார்டைத் திருப்பினாள் என்றாலே டெய்லர்கள் தலையில் கை வைப்பார்கள். அவளோடு உட்கார்ந்து சாப்பிட யாரும் வர மாட்டார்கள்.

நான் அவளுக்காக அட்டையில் முழ நீளத்துக்கு ஒரு சிவப்பு அம்பு வெட்டியிருந்தேன். "இந்த வருடம் அதிகம் பேரை அழ வைத்தவர்" என்று அறிவித்தேன். மண்டபம் ஊளையிட்டது. விசில் பறந்தது. பழனிச்சாமி நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். எஸ்தர் எழுந்து வரவில்லை. அவள் பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. அவள் மகள் ஜெனிஃபர், அப்போது பத்தாவது. அந்தப் பெண் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போயிற்று, பின்னாலேயே எஸ்தரும் போனாள். நான் அடுத்த பெயரைப் படித்தேன். சிரிப்பு எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிடவில்லை. மூன்று நாள் கழித்து வராந்தாவில் எதிர்ப்பட்டபோது, "வணக்கமுங்க மேடம்" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே மேடம் அது.

அடுத்த வருஷம் ஒரு பெரிய நீல ஆர்டர் பாக்கிங்கில் இருந்தது. எஸ்தர் இரண்டு பனியன்களைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். டியூப் லைட்டில் எல்லாம் ஒரே நீலம். வெயிலில் பார்த்தால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். சாயப்பட்டறையில் இரண்டு தடவையாகச் சாயம் போட்ட துணி கட்டிங்கில் கலந்துவிட்டிருந்தது. பாக்கிங்கை நிறுத்தச் சொல்லிவிட்டாள். கட்டிய பெட்டியெல்லாம் பிரித்து, பொறுக்கி, மாற்றித் தைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தக் கம்பெனிக்கும் போயிற்று. அவளைத் திட்டாத வாய் இல்லை. பிறகு ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் வந்து, நேராக அதே ஜன்னலுக்குப் போய்த் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது எல்லா வாயும் மூடிக்கொண்டது. மூடியதே தவிர, அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் திறக்கவில்லை.

"இந்த வருசம் சிறந்த தொழிலாளி அந்தப் புள்ளதான்" என்றார் முதலாளி. "மேடைக்குக் கூட்டிட்டு வர்றது உன்ற பொறுப்பு."

செக்கிங் டேபிளுக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போணும் மேடம்" என்றாள், டிபன் பாக்ஸிலிருந்து நிமிராமல். சர்ச்சைத்தான் கோயில் என்பாள்.

"கோயில் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிருமே எஸ்தர்."

"முடிஞ்சாலும் நான் வரல. எம்மவ அதுக்கப்புறம் இந்த கம்பெனி வாசல மிதிக்கல, தெரியுமா உங்களுக்கு? ஸ்கூல்ல யாராச்சும் ஒங்கம்மா எங்க வேல பாக்கான்னு கேட்டா, கம்பெனி பேர மாத்திச் சொல்லுதா."

"நான் பண்ணுனது தப்பு. என்னை மன்னிச்சிரு எஸ்தர்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அவள் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, ஒரு உருப்படியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "சிரிக்க வச்சது மைக்ல. மன்னிப்பு மட்டும் சாப்பாட்டு நேரத்துல, யாரும் இல்லாதப்ப வந்து கேக்கீங்க" என்றாள்.

என் கையிலேயே அம்பை ஒட்டிவிட்டாள் என்று தோன்றியது. டைம் ஆபீஸுக்குத் திரும்பினேன். மறுநாள் போய், "மைக்லயே கேக்கறேன். ஜெனிஃபரையும் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னேன். அவள் அடுத்த உருப்படியைப் புரட்டினாள்.

அந்த விழாவுக்குத் தயாரான மாதிரி நான் எதற்கும் தயாரானதில்லை. கைத்தட்டலுக்கு ஆள் பிடிக்கக்கூடப் பார்த்தேன். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் லைனில் எனக்கு வேண்டிய நான்கு பெண்களிடம் போய், "எஸ்தர் பேரைச் சொன்னதும் பலமாத் தட்டுங்க" என்றேன். "அவளுக்கா? போங்க மேடம், நேத்து எனக்குப் பதினோரு பீஸ் திருப்பி அனுப்பீருக்கறா" என்றாள் ஒருத்தி. அதோடு விட்டுவிட்டேன். தனக்கு வரப்போகும் பரிசை எஸ்தரே சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று, விருதுப் பனியன்களைச் செக்கிங் பக்கமே காட்டாமல் பழனிச்சாமியிடமிருந்து நேராக வாங்கி, நானே பெட்டியில் போட்டு மண்டபத்துக்கு எடுத்துப் போனேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

விழா நாளில் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விருதுகள் பாதி முடிந்த பிறகு எஸ்தர் வந்தாள், வாசலில் காட்டிய ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்க. பின்னால் ஜெனிஃபர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஓரத்து நாற்காலியெல்லாம் நிரம்பியிருந்தது. கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோரம் நின்றார்கள்.

கடைசி விருது. மைக்கைப் பிடித்தேன். "போன வருஷம் இதே மேடையில் எஸ்தரை நான் கேலி செய்தேன். நீங்கள் சிரித்தீர்கள், தப்பு உங்களுடையது அல்ல, என்னுடையது. தன் வேலையை ஒழுங்காகச் செய்தவளை அவள் மகள் முன்னாலேயே அவமானப்படுத்தினேன். எஸ்தர், ஜெனிஃபர், இரண்டு பேரும் என்னை மன்னிக்க வேண்டும். இந்த வருடத்தின் சிறந்த தொழிலாளி எஸ்தர்."

அறுநூறு பேரும் எப்படி உட்காருவது என்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஆபீஸ் ஆட்கள் ஏழெட்டுப் பேர் கடமைக்குத் தட்டினார்கள், அது தட்டாததைவிட மோசமாக இருந்தது. எஸ்தர் அந்த அமைதிக்குள் மண்டபத்தின் நீளம் முழுவதும் நடந்து வந்தாள். நிவேதா, உன் ஸ்பீக்கர் கைத்தட்டல் அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் நிச்சயம் போட்டிருப்பேன். இல்லாமல் போனது நல்லதாயிற்று.

முதலாளி கோப்பையைக் கொடுத்தார். பிறகு பனியனைக் கொடுத்தார். மற்றவர்களெல்லாம் பனியனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பார்கள். எஸ்தர் பாவம், பதற்றத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குனிந்தாள். கையில் துணி இருந்தது. கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, பனியனை உள்பக்கமாகப் புரட்டினாள். தோள், கழுத்துப் பட்டை, கை, பக்கத் தையல் என்று விரல் ஓடியது. கீழ் மடிப்பில் போய் நின்றது. ஐ.டி. கார்டைத் திருப்பினாள்.

மண்டபத்தில் இருந்த டெய்லர் அத்தனை பேருக்கும் அந்தக் கை அசைவு தெரியும். "அய்யய்யோ" என்று ஒரு குரல் கேட்டது.

சிவப்பு அம்பை ஒட்டிப் பனியனை முதலாளியிடமே நீட்டினாள். "சார், பாட்டம்ல ரெண்டு தையல் விட்டுருக்கு. ஆல்ட்ரேஷன் பண்ணச் சொல்லுங்க" என்றாள். என் கையிலிருந்த மைக் அதை மண்டபம் முழுவதற்கும் சொல்லியது. சொல்லி முடித்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவளுக்கு உறைத்தது போலும், வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி பனியனை வாங்கிப் பார்த்தார். தலை மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது. மைக்கை என்னிடமிருந்து வாங்கி, "ஏனுங்க," என்றார், தேனாக. "இதத் தெச்சவங்க ஆருங்க? கொஞ்சம் மேடைக்கு வந்துட்டுப் போறீங்களாங்க?"

அந்த மரியாதையைக் கேட்டதும் மண்டபத்தில் அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. பழனிச்சாமி எழுந்தார். முகம் சிவந்திருந்தது. போன வருஷம் நாற்காலி மேல் ஏறி நின்றவர், இப்போது எஸ்தருக்கு எதிரே வந்து நின்றார். பனியனை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அம்பு காட்டிய இடத்தைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தார், திருப்பிப் போட்டும் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். முதலாளி மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார்.

"இருக்குதுங்க" என்றார் பழனிச்சாமி.

அந்த ஒரே வார்த்தைதான். அத்தனை வருஷமாக எஸ்தர் அம்பு ஒட்டும்போதெல்லாம் "எங்க இருக்குது, காட்டு" என்று மல்லுக்கு நின்ற மனிதர். மண்டபம் வெடித்தது. முதலில் ஓவர்லாக் லைனில் என்னைப் போகச் சொன்ன அந்தப் பெண்தான் எழுந்து நின்று தட்டினாள். பழனிச்சாமியே அம்பை ஒத்துக்கொண்டுவிட்டாரே என்ற சந்தோஷம் பாதி. முதலாளி கையால் கொடுத்ததைக்கூட விட்டுக்கொடுக்காதவள் நம்மை மட்டும் குறி வைத்து ஒட்டவில்லை என்று புரிந்தது மீதி. ஒடிசாப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். எஸ்தர் வாயைப் பொத்திய கையை எடுக்காமலே அழுதாள், சிரித்தாள். கைத்தட்டல் நிற்கிற மாதிரி இல்லை. மேடையில் நிற்கிறேன் என்பதை மறந்து நானும் தட்டினேன்.

திங்கட்கிழமை பழனிச்சாமி அந்தப் பனியனைச் சரி செய்து எடுத்துக்கொண்டு செக்கிங் டேபிளில் எல்லோரையும் போல வரிசையில் நின்றாராம். எஸ்தர் கீழ் மடிப்பை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடவில்லை. தோளிலிருந்து மறுபடி ஆரம்பித்து முழுவதும் பார்த்துத்தான் பாஸ் போட்டாளாம். "நல்லவேள, வேற எங்கயும் இல்ல" என்று பழனிச்சாமி என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வருஷ விழாவில் வாசலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். எஸ்தர் தோழிகள் இரண்டு பேரோடு பேசிக்கொண்டே வந்தாள். ஜெனிஃபர் பின்னால் வந்தது. அந்த விருதுப் பனியனைப் போட்டிருந்தது, அதற்குக் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. பார்த்ததும் எனக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. ஆனால் கீழ் மடிப்பில் சிவப்பாக ஒரு அம்பு தெரிந்தது.

"ஏங்கண்ணு, பாஸான பனியன்ல ஸ்டிக்கர எடுக்காம உட்டுட்டியே" என்று குனிந்து உரிக்கப் போனேன்.

ஜெனிஃபர் சட்டென்று கையால் மறைத்துக்கொண்டது. "அத எடுக்காதீங்க ஆன்ட்டி. அம்மா கார்டுல இருந்து நாந்தான் ஒண்ணு உரிச்சு ஒட்டிக்கிட்டேன்" என்றது.